பல் ஊன்றும் முன் எலும்புக்கு அவகாசம் கொடுங்கள்

எலும்புப்புரை நோய் உள்ளவர்களுக்குச் செயற்கைப் பல்வேர் பொருத்தக் கூடாது என்றொரு எண்ணம் நம் பகுதியில் வேரூன்றியுள்ளது. எலும்பு மெலிந்தவருக்குத் திருகு நிற்காது என்று வீட்டாரே முடிவு செய்து, தாயாரைக் கழற்றி மாட்டும் பல்செட்டோடு விட்டுவிடுகின்றனர். மறுபுறம், ஒரே வாரத்தில் நிலையான பல் என்னும் விளம்பரத்தை நம்பி விரைவோரும் உளர். இரு சாராரும் எலும்பின் இயல்பைக் கருதவில்லை என்பதே என் கருத்து.

முதலில் ஒரு சொல் விளக்கம். ‘எலும்புத் தேய்மானம்’ என்று பலரும் கூறுவது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தையே. எலும்புப்புரை வேறு; அதில் எலும்பின் உட்பகுதி அடர்த்தி குறைந்து சல்லடைபோல் ஆகிறது. இடுப்பிலும் முதுகிலும் எடுக்கும் டெக்சா பரிசோதனையில் டி-மதிப்பு -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் இந்நோய் எனக் கொள்கிறோம். எனினும் அந்த எண் தாடை எலும்பைப் பற்றி நேரடியாக எதுவும் கூறாது. தாடைக்குத் தனியே சிபிசிடி படம் தேவைப்படும்.

டைட்டானியம் உலோகத்தோடு எலும்பு ஒன்றிவிடும் என்பதை 1952இல் முயல்களிடம் நடத்திய ஆய்வின்போது சுவீடன் நாட்டு மருத்துவர் பிரோனெமார்க் தற்செயலாகக் கண்டார். 1965இல் முதல் நோயாளிக்குப் பற்கள் பொருத்தினார். திருகு செலுத்தியவுடன் அதைப் பிடித்திருப்பது அதன் மரைகள் மட்டுமே. அடுத்த சில வாரங்களில் சுற்றியுள்ள பழைய எலும்பு கரைந்து, புதிய எலும்பு வளர்ந்து உலோகத்தைப் பற்றுகிறது. இடைப்பட்ட காலத்தில்தான் பிடிப்பு மிகக் குறைவு. புரையோடிய எலும்பில் தொடக்கப் பிடிப்பும் தளர்வு, புதிய வளர்ச்சியும் மெதுவு.

ஆகவே அனுபவமுள்ள பல் மருத்துவர், துளையைத் திருகைவிடச் சற்றுக் குறுகலாக இடுவார். அமிலத்தால் சொரசொரப்பாக்கிய பரப்புடைய திருகைத் தேர்வார். எல்லாவற்றுக்கும் மேலாகக் காத்திருப்பார். கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் என்பது பிரோனெமார்க் காலத்து வழக்கம். புதிய பரப்புகள் அந்தக் காலத்தைச் சுருக்கியுள்ளன. ஆயினும் எலும்புப்புரை உள்ளவருக்குப் பழைய கணக்கே பாதுகாப்பானது என்று கருதுகிறேன். திருகின் மீது எலும்பு மருந்தையே பூசும் முயற்சியும் நடக்கிறது. 2012இல் சுவீடனில் வெளியான சிறிய ஆய்வொன்றில், பிஸ்பாஸ்போனேட் பூசிய திருகுகள் பூசாதவற்றைவிட உறுதியாக நின்றன. பங்கேற்றோர் 16 பேர் மட்டுமே. அதை நம்பி இன்றே எவரும் கூடுதல் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

அதே மருந்து வாய்வழியாகவோ ஊசியாகவோ செல்லும்போது வேறொரு கவலை உண்டு. அரிதாக, பல் பிடுங்கிய இடத்திலோ அறுவை செய்த இடத்திலோ தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும். இது 2003இல்தான் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் மாத்திரை உண்பவருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக அடிக்கடி ஜோலெட்ரோனிக் அமில ஊசி பெறுபவருக்கோ பன்மடங்கு அதிகம். காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் சிகிச்சை பெறுவோர், அங்குள்ள மருத்துவரைக் கேளாமல் பல் அறுவைக்கு ஒப்புக்கொள்ளலாகாது.

இந்த அச்சத்தால் மருந்தைத் தாமாகவே நிறுத்துவது அதைவிடக் கேடு. அலெண்ட்ரோனேட் எலும்பில் பல ஆண்டுகள் தங்குவது. இரண்டு வாரம் நிறுத்துவதால் பயனில்லை. 6 மாதத்துக்கொருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போட்டாலோ முதுகெலும்பு முறியும் வாய்ப்பு உயர்கிறது. ஒரு பல்லுக்காக முதுகை இழப்பது நியாயமா?

எலும்புப்புரையைவிட அதிகமாகத் திருகைத் தோற்கடிப்பவை கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், புகை, ஈறு நோய் ஆகியவை. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பாட்டியிடம் இதைச் சொல்வது எளிதன்று. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். தறிக்கூடத்துக்குள்ளேயே பகல் கழிக்கும் நெசவாளர் குடும்பங்களில் வெயில் படாமையால் வைட்டமின் டி குறையக்கூடும். அறுவைக்கு முன் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துச் சரிசெய்துகொள்வது நன்று. கால்சியத்துக்குக் கேழ்வரகு நல்லது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது.

பல் மருத்துவரிடம் செல்லும் நாளில் மாத்திரை அட்டைகள், ஊசி போட்ட தேதிகள், டெக்சா அறிக்கை ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். ஆண்டுக்கொருமுறை போட்ட ஊசியைப் பலர் மருந்தென்றே கணக்கில் கொள்வதில்லை. அதையும் மறவாமல் கூறுங்கள். எங்களிடம் பேசுமாறு பல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும் தயங்க வேண்டாம்.