புதன்கிழமை செத்தானா, வெள்ளிக்கிழமை செத்தானா?

திருவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த உடலுறுப்புக் கொடைக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். நம் தோழர்களும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். மருத்துவர் ஒருவர் படம் போட்டு விளக்கினார். நன்றாகவே விளக்கினார். கடைசியில் நம் தோழர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "அடித்தட்டு மக்களிடம் மூடநம்பிக்கை அதிகம். செத்த உடம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 'எம்புள்ள சாகல'ன்னு அழுகிறார்கள். நாம்தான் விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்" என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பழக்கதோஷம். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் தொண்டையில் இறங்கவில்லை. அன்று வாய்மூடி இருந்ததற்காக இதை எழுதுகிறேன்.

அறிவியலுக்கு எதிரி என்று தோழர் முத்திரை குத்திவிடக் கூடாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூளைச்சாவு சாவுதான். அடிபட்ட மூளை வீங்கி, மண்டையோட்டுக்குள் இடமில்லாமல் நசுங்கி, ரத்தம் ஏற முடியாமல் போனால் மூளைத்தண்டு செத்துவிடுகிறது. மூச்சு விடு என்று உத்தரவு போடுகிற இடம் அதுதான். அதற்குப் பிறகு மூச்சு விடுவது வெண்டிலேட்டர். இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. பிராணவாயு வருகிறவரை சில மணி நேரமோ சில நாளோ தானாகத் துடிக்கும். கோமா வேறு. கோமாவில் கிடப்பவர் திரும்பி வரலாம். விதிப்படி சோதித்து உறுதி செய்த மூளைச்சாவிலிருந்து திரும்புவது கிடையாது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் சண்டை வேறு இடத்தில்.

என் அத்தை மகன். பெயர் வேண்டாம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறியில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து பைக்கில் ராஜபாளையம் திரும்பியவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் லாரி அடித்துப் போட்டது. தலைக்காயம் என்றால் நம் பக்கத்துச் சனங்களுக்கு மதுரைதான் கதி, எண்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஒரு தனியார் மருத்துவமனை. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லை என்று 2021இல் தமிழக அரசு கொண்டுவந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்த்தார்கள். நல்ல திட்டம், குறை சொல்லமாட்டேன். செவ்வாய் விடியலோடு அந்தக் கணக்கு முடிந்தது. அதன் பிறகு ஓடியது எங்கள் கணக்கு.

புதன்கிழமை மத்தியானம் சின்ன வயசு மருத்துவர் ஒருத்தர் வராந்தாவுக்கு வந்து, "உங்கள்ல படிச்சவங்க யாரு?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வங்கி கிளார்க் அல்லவா. இரண்டு நிமிடம் இங்கிலீஷில் பேசிவிட்டு, "நீங்க எடுத்துச் சொல்லுங்க சார்" என்று போய்விட்டார். அரைமணி நேரம் கழித்து இன்னொருவர் உறுப்புக்கொடைப் படிவத்தோடு வந்தார். உட்காரவைத்துப் பேசிய மேசை, காலையில் பில்லுக்காக எங்களைக் கூப்பிட்ட அதே மேசை.

அத்தை உள்ளே போய் மகன் காலைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஏய்யா, ஒடம்பு சூடா இருக்கே. நெஞ்சு ஏறி எறங்குது. இதையா பொணம்ங்கிறாங்க?" நம் சனத்துக்குச் சாவு என்பது குளிர்ந்துபோவது. உடம்பு சில்லிட்ட பிறகுதான் ஒப்பாரி தொடங்கும். சூடு இருக்கிற உடம்பின்மேல் எந்தப் பொம்பளை முதல் வரியை எடுப்பாள்? போதாததற்கு அவன் விரல் அசைந்ததை அவள் பார்த்துவிட்டாள். மூளை செத்த பிறகும் முதுகுத்தண்டு தன்பாட்டில் கை காலை இழுக்கும் என்பதை ஒருத்தரும் அவளுக்குச் சொல்லவில்லை. நானே பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று நான் சொன்னது, "இல்லத்தே, இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க." கோழைத்தனம். படித்தவன் சொன்ன பொய்யை அவள் நம்பினாள். இப்போது சொல்லுங்கள் தோழரே, அங்கே மூடநம்பிக்கை யாரிடம் இருந்தது?

கொடுக்க மாட்டோம் என்றோம். அதோடு செத்தவன் மறுபடி நோயாளி ஆகிவிட்டான். வெண்டிலேட்டர் ஓடியது. மருந்துச் சீட்டு வந்தது. அத்தையின் கம்மல் அடகுக்குப் போனது. வெள்ளிக்கிழமை, எங்கள் விருப்பத்தின் பேரில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் ஒரு பையன் காற்றுப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வந்தான். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் என் காதருகே வந்து, "சார், நிப்பாட்டிறவா?" என்றான். வீடு வரைக்கும் அமுக்கு என்றேன். திருவில்லிபுத்தூர்க் கோபுரம் போனது, ராஜபாளையம் வந்தது. தெருமுனையில் அவன் திரும்பவும் பார்த்தான். நான் தலையாட்டினேன். நாலு டாக்டர் போட வேண்டிய கையெழுத்தை ஒரு கிளார்க்கின் தலையாட்டலில் முடித்துக்கொண்டார்கள். இறப்புச் சான்றிதழில் வெள்ளிக்கிழமை. இருபது ரூபாய்ப் பிரீமியத்து விபத்துக் காப்பீட்டுப் படிவத்தை நிரப்பியது நான்தான். இறந்த தேதி என்ற கட்டத்தில் பேனா நின்றது. கொடுத்திருந்தால் புதன். கொடுக்காததால் வெள்ளி.

இது என் வீட்டுத் தகராறு மட்டுமல்ல, சட்டத்திலேயே இருக்கிற ஓட்டை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், உயிரின் அறிகுறிகள் எல்லாம் நிரந்தரமாக மறைவதைத்தான் இறப்பு என்கிறது. மூளைத்தண்டுச் சாவைச் சாவு என்று ஒப்புக்கொள்வது 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம். நான்கு மருத்துவர் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனை எல்லாம் அதற்குரியவை. அதாவது உறுப்பு எடுக்கத்தான் அந்தச் சாவு. கொடுக்கச் சம்மதித்தால் அதற்குப் பிறகான பராமரிப்புச் செலவு குடும்பத்தின்மேல் விழக்கூடாது என்று விதி இருக்கிறது. நியாயம். சம்மதிக்காவிட்டால்? கருவியை நிறுத்த மருத்துவருக்குப் பயம், நிறுத்தச் சொல்லக் குடும்பத்துக்குப் பயம், பில்லுக்கு மட்டும் பயமில்லை. கேரளம் 2020இல், கொடை உண்டோ இல்லையோ மூளைச்சாவைச் சாவாகவே அறிவித்துக் கருவியை அகற்றலாம் என்று நெறிமுறை வெளியிட்டது. 2024இல் 268 பேரிடம் உறுப்புக்கொடை பெற்று இந்தியாவுக்கே முன்மாதிரி என்று பேர் வாங்கிய தமிழ்நாடு, கொடுக்க முடியாமல் போனவர்களுக்காக என்ன செய்தது?

ஹிதேந்திரனைச் சொல்வார்கள். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவடைந்த திருக்கழுக்குன்றத்துப் பையன். அவன் உறுப்புகளைப் பெற்றோர் கொடுத்தார்கள், நாடே திரும்பிப் பார்த்தது. அந்தத் தாய் தகப்பனை நான் வணங்குகிறேன். ஆனால் இருவருமே மருத்துவர்கள். கருவியில் ஓடுகிற கோடு என்ன சொல்கிறது என்பதை அவர்களே படிக்க முடிந்தது. என் அத்தைக்கு அதைப் படித்துக்காட்ட ஆளில்லை. இருந்த ஒருத்தன் பொய் சொன்னான். அவர்களுக்குப் பெரிய மனசு, இவளுக்கு மூடநம்பிக்கை என்று எழுதிக்கொண்டு போவது அயோக்கியத்தனம்.

நம்பாமைக்குக் காரணமும் இருக்கிறது. 2018இல் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், பாலக்காட்டிலிருந்து வந்து விபத்தில் சிக்கிய இளைஞனின் ஏழைக் குடும்பம், பில் கட்ட வழியில்லாத நிலையில் கையெழுத்துப் போட வைக்கப்பட்டது என்று கேரள முதல்வர் பினராயி விஜயன் தமிழக முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமிக்குக் கடிதமே எழுதினார். 2025இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைப் பயன்படுத்தி அவர்கள் சிறுநீரகத்தை வாங்கிய கும்பலின் செய்தி வந்தது. அது உயிரோடிருப்பவரிடம் எடுப்பது, இது வேறு என்று எனக்குத் தெரியும். தறியில் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒரே செய்திதான்.

கடல் தாண்டியும் இதே கதை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் 1968 மே மாதம் புரூஸ் டக்கர் என்ற கறுப்பினத் தொழிலாளி கீழே விழுந்து தலையில் அடிபட்டார். ஒரு நாள் கழிவதற்குள் அவர் இதயம் ஒரு வெள்ளை வியாபாரியின் நெஞ்சில். கேட்க உறவினர் யாரும் கிடைக்கவில்லை என்றது மருத்துவமனை. சகோதரர் வில்லியம் சில தெரு தள்ளிச் செருப்புத் தைக்கும் கடை வைத்திருந்தார். அவருடைய கடை அட்டை டக்கரின் பணப்பையிலேயே இருந்தது. பிணத்தைச் சவப்பெட்டிக்குத் தயார் செய்தவர் சொல்லித்தான் இதயம் இல்லை என்பதே குடும்பத்துக்குத் தெரிந்தது. வழக்கை நடத்தியவர் பின்னாளில் அந்த மாநிலத்தின் ஆளுநராகவே வந்த கறுப்பின வழக்கறிஞர் டக்ளஸ் வைல்டர். 1972இல் தீர்ப்பு மருத்துவர்கள் பக்கம். நாற்பது வருசம் கழித்து 2013இல், கலிபோர்னியாவில் ஜாஹி மெக்மத் என்ற பதின்மூன்று வயதுக் கறுப்பினச் சிறுமி மூளைச்சாவடைந்தாள் என்றபோது தாய் ஒப்புக்கொள்ளாமல், சட்டம் இடங்கொடுத்த நியூஜெர்சிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனார். 2018வரை கருவியோடு வைத்திருந்தார். மருத்துவத்தில் அது பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. மகள் வெள்ளைக்காரப் பிள்ளையாக இருந்திருந்தால் எங்கள் பேச்சைக் கொஞ்சமாவது காதில் வாங்கியிருப்பார்கள் என்று அந்தத் தாய் நினைத்தார் பாருங்கள், அதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். ரிச்மண்டை மறக்காத சனம் ஓக்லண்டில் எப்படி உடனே நம்பும்?

பிறகு இந்தத் 'தானம்' என்கிற சொல். தானம் வாங்கியே வாழ்ந்தவர்கள் யார், கொடுத்தே அழிந்தவர்கள் யார் என்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரத்தம் ஒழுகக் கிடக்கிற தேரோட்டி மகனிடம்கூடப் பார்ப்பன வேடம் போட்டு வந்து கை நீட்டுகிற கதையை ஊர் ஊராகக் கூத்தில் பார்த்தவர்கள் நாம். கொடை என்று சொல்லுங்கள், அதில் கொடுக்கிறவருக்கு மரியாதை இருக்கிறது. கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். வரவேற்கிறேன். ஆனால் 2019இல் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், வயல்வழி விட மறுத்ததால் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டித் தலித் பிணத்தை இறக்கினார்களே, அதிகாரி மலர்வளையத்தோடு வரும்போது எந்தப் பாதையில் வருவார்? நம் திருவில்லிபுத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் ஆண்டாள் கோயில் அர்த்த மண்டபத்திலிருந்து இளையராஜாவை வெளியே நிற்கச் சொன்னதாகச் செய்தி வந்தது. கோயில் தரப்பு மரபு என்றது, அவரே வதந்தி என்றார். இருக்கட்டும். என் மச்சான் இதயம் யாராவது ஒரு குருக்கள் நெஞ்சுக்குள் இருந்தால் கருவறைக்கே போயிருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டேன். கெட்ட சிரிப்புத்தான் வந்தது.

நம் பக்கத்துத் தோழர்களில் இன்னொரு கூட்டம் உண்டு. எல்லாமே உறுப்புத் திருட்டு, மூளைச்சாவே கட்டுக்கதை என்று தேநீர்க்கடையில் பேசுகிறவர்கள். சிறுநீரகத்துக்குக் காத்திருந்து டயாலிசிஸ் படுக்கையில் சாகிறவர்களிலும் நம்மாட்கள்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இதைப் பேசிப் பாருங்கள். கட்டுக்கதை என்பவனுக்கும் மூடநம்பிக்கை என்பவனுக்கும் நடுவில் அத்தைதான் தனியாக நிற்கிறாள்.

நான் கேட்பது பெரிதில்லை. சோதனையைக் குடும்பத்தில் ஒருவரை நிற்கவைத்துக் காட்டுங்கள். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பதையும், காதில் குளிர்ந்த நீர் விடுவதையும், எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியைக் கழற்றிவிட்டு மூச்சு வருகிறதா என்று காத்திருக்கிற அந்தச் சில நிமிடங்களையும். நெஞ்சு அசையாமல் கிடப்பதை அத்தை தன் கண்ணால் பார்த்திருந்தால் அவளே ஒப்பாரியை எடுத்திருப்பாள். கொடுத்தும்கூட இருப்பாள், தெரியாது. செய்தி சொல்கிறவர் வேறு, உறுப்புக் கேட்கிறவர் வேறு, பில் கேட்கிறவர் வேறாக இருக்கட்டும். மூவரும் ஒரே மேசையில் உட்காரக் கூடாது. சான்றளித்த நிமிடத்தோடு பில் நிற்க வேண்டும், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். சாவின் தேதி ஒன்றாக இருக்க வேண்டும். எடுத்த உறுப்புகளில் எத்தனை அரசு மருத்துவமனை நோயாளிக்குப் போனது, எத்தனை தனியாருக்குப் போனது என்று மாதாமாதம் பத்திரிகையில் போடுங்கள், கொடுத்த தெருவுக்கும் தெரியட்டும்.

அடுத்த கருத்தரங்கு ராஜபாளையத்தில் என்று கேள்விப்பட்டேன். அத்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கேட்டேன், வருகிறேன் என்றிருக்கிறாள். மேடை ஏற மாட்டாளாம். அந்தக் காற்றுப் பையை யார் நிறுத்தச் சொன்னது என்பதை அதற்கு முன்னால் நான் அவளிடம் சொல்லியாக வேண்டும்.