படத்தின் அடிவிளிம்பு

அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து சகோதரர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பாட்டனார் காலந்தொட்டு அவர் இல்லத்தில் ஓர் அச்சுப்படம் தொங்குகிறதாம். ஆங்கிலத் தளபதி ஒருவர் இரு சிறுவர்களைக் கரம்பற்றி வரவேற்கும் காட்சி. “மாவீரர் திப்பு சுல்தானுடைய புதல்வர்களின் உண்மை முகம் இதுதானா? படம் அசல்தானா?” என்று வினவுகிறார். அடிவிளிம்பில் உள்ள பொடி எழுத்துகளையும் பார்த்தெழுதி அனுப்பியிருக்கிறார். அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

இடக்கோடியில் ‘பிரவுன் பிங்சிட்’, வலக்கோடியில் ‘ஓர்ம் ஸ்கல்ப்சிட்’ என்றிருக்கிறது. இவை இலத்தீன் சொற்கள். முன்னது ‘வரைந்தார்’, பின்னது ‘செதுக்கினார்’ எனப் பொருள்படும். மேதர் பிரவுன் தீட்டிய ஓவியத்தைப் பார்த்து டேனியல் ஓர்ம் செம்புத் தகட்டில் செதுக்க, அத்தகட்டிலிருந்து எடுக்கப்பட்ட படம் இது. பிரவுன் 1761இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்து, லண்டனில் தொழில் நடத்தியவர். இந்திய மண்ணை அவர் மிதித்ததே இல்லை. ஆகவே முகங்கள் அவருடைய கற்பனையே.

நிகழ்ச்சி மட்டும் கற்பனையன்று. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர வேண்டியதாயிற்று. அதற்குப் பிணையாக அப்துல் காலிக், முயிஸுத்தீன் எனும் இரு பாலகரையும் காரன்வாலிஸ் பிரபு பெற்றுக்கொண்டார். நம் சென்னையில்தான் அவர்கள் வைக்கப்பட்டிருந்தார்கள். 1794இல் தந்தையிடம் திரும்பினார்கள்.

காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780இல் ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் பட்ட தோல்வி ஆங்கிலேயருக்கு ஆறாத வடுவாக இருந்தது. அந்த வடுவுக்கு இத்தகைய படங்கள் மருந்தாயின. பெற்றவரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்ததைத் தந்தையின் அரவணைப்பைப் போலக் காட்டும் சாமர்த்தியத்தைப் பாருங்கள்! தளபதியின் முகத்தில்தான் எத்தனை கனிவு!

நேரில் இருந்த ஓவியரும் உண்டு. ராபர்ட் ஹோம் என்பவர் காரன்வாலிஸின் படையோடு சென்றவர். அவர் 1793-94இல் தீட்டிய ஓவியம் லண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளது. கூட்டத்தின் ஓரத்தில் தம்மையும் வரைந்து வைத்திருக்கிறார் மனிதர்! முகச்சாயலைத் தேடுவோர் அதைக் காண்பதே மேல். ஆனால் காரன்வாலிஸின் வெற்றியைப் போற்ற வரைந்ததே அதுவும்.

இனி, அசலா என்பது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், சகோதரரே. புள்ளிகள் அணிவகுத்தாற்போல ஒரே சீராக இருந்தால் அது பிற்கால எந்திர அச்சு. செதுக்கியவர் கையால் இட்ட புள்ளியும் கோடும் அப்படிச் சீராக அமைவதில்லை. காகிதத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். செம்புத் தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றித் தட்டுப்பட வேண்டும். ஓரத்தை வெட்டிச் சட்டமிட்டிருந்தால் அத்தடம் போயிருக்கும். கீழெழுத்து தப்பியிருப்பதால் அடிப்புறத்திலாவது கிட்டலாம்.

எதுவாயினும், கடலை நோக்கிய சுவரில் மாட்டாதீர்கள். உப்பு ஈரம் காகிதத்தில் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். சட்டத்தின் பின்பலகை பழைய மரமானால் அதை அகற்றிவிட்டு, கண்ணாடி படத்தின்மீது ஒட்டாதவாறு இடைவெளி விட்டுச் சட்டமிடச் சொல்லுங்கள். அடிவிளிம்பில் கத்தரி படவே கூடாது என்பதையும் சட்டம் போடுபவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.