கேனபிக்கு அழகு மார்க் போடாதீங்க!

ஏரோ பசங்க டிசைன் பண்ற ரெண்டு சீட் குட்டி விமானத்தை எந்த லேப்டாப்பில் திறந்து பார்த்தாலும் ஒரு விஷயம் மாறாது. மேலே போர் விமானம் மாதிரி பளபளன்னு ஒரு கண்ணாடிக் குமிழி இருக்கும். ஏன் இதுன்னு கேட்டா, "ரெண்டர்ல செமயா இருக்கு ப்ரோ" என்று பதில் வரும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சின்ன விமானத்தில் கேனபிதான் கதவு. கதவைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "அவசரத்துல எப்படி வெளியே வருவேன்?" என்பதுதான்.

"நாம எங்கடா விமானம் கட்டப் போறோம்" என்று சிரிக்காதீங்க. மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் மொட்டை மாடியிலேயே ஆறு சீட் விமானம் கட்டி, 2016 மேக் இன் இந்தியா கண்காட்சியில் கொண்டுவந்து நிறுத்தினார். கேரளத்துக்காரர் அசோக் தாமராக்ஷன் கோவிட் காலத்தில் இங்கிலாந்தில் ஸ்லிங் டிஎஸ்ஐ கிட்டை வாங்கிப் பூட்டி, 2022-ல் பறந்தார். அந்த டிஎஸ்ஐ-க்கு இறக்கை மாதிரி மேலே தூக்கும் கதவுகள். அதே கம்பெனியின் ஸ்லிங் 2-க்குப் பின்னால் நகரும் கேனபி. ஒரே கம்பெனி, ரெண்டு விடை!

அமெரிக்காவின் வேன்ஸ் ஆர்வி-7 கிட்டில் இந்த முடிவு கட்டுபவர் கையிலேயே இருக்கிறது. ஒன்று டிப்-அப்: முன்பக்கம் கீல், பின்பக்கம் மேலே தூக்கும். ஸ்கூட்டி சீட்டைத் தூக்குற மாதிரி. இன்னொன்று ஸ்லைடர்: முன்கண்ணாடி அசையாமல் நிற்க, மற்றது ஆம்னி வேன் கதவு மாதிரி பின்னால் ஓடும்.

டிப்-அப்பில் முன்னால் சட்டம் எதுவும் மறைக்காது, பார்வை விரியும். திறந்தால் மீட்டர் போர்டின் பின்பக்க வயரிங் வரைக்கும் கை போகும். பறக்கும்போது தாழ்ப்பாள் விட்டுப்போனாலும் எதிர்க்காற்று அதை முழுசாகத் திறக்க விடாது. இதெல்லாம் நிஜமான பிளஸ்தான்.

ஆனால் நம்ம ஊருக்கு வாங்க. மே மாசத்தில் திருத்தணி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது நியூஸே இல்லை. இந்த மாதிரி குட்டி விமானத்தில் பொதுவாக ஏசி இருக்காது. மூடிய கேனபிக்குள் ரன்வே முனையில் காத்திருப்பது, கண்ணாடி ஏற்றிய காரை வெயிலில் நிறுத்தி உள்ளே உட்கார்வது மாதிரி. ஸ்லைடரைத் தரையில் ஓட்டும்போது கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கலாம். ஐப்பசி மழையில் திறந்தாலும் முன்கண்ணாடி மீட்டர்களை நனையாமல் காக்கும். டிப்-அப்பைத் திறந்தால் மழை நேராக எலக்ட்ரானிக்ஸ் மேலே.

வெயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 1.5 மீட்டர் அக்ரிலிக், 40 டிகிரி சூடு ஏறினால் சுமார் 4 மி.மீ. நீளும். அதே நீள அலுமினியச் சட்டம் 1.4 மி.மீ.தான் நீளும். ஸ்க்ரூ ஓட்டையை இறுக்கமாகப் போட்டால் அங்கிருந்தே விரிசல் கிளம்பும். காலையில் 'டக்'கென்று விழுந்த தாழ்ப்பாள் மதியம் முழுசாக விழாமல் போகலாம்.

விழாவிட்டால் என்ன ஆகும்? நெதர்லாந்து பைலட் நரைன் மெல்கும்ஜானின் வீடியோவை 2024-ல் உலகமே பார்த்தது. அவருடைய எக்ஸ்ட்ரா 330எல்எக்ஸ் விமானத்தின் கேனபி பறக்கும்போதே திறந்து நொறுங்கியது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கிடையாது. மூச்சு விடவே திணறல். அப்படியும் விமானத்தை விடாமல் ஓட்டிப் பத்திரமாக இறக்கினார். லாக்கிங் பின் சரியான இடத்துக்குப் போகவில்லை, ஒரு தடவை கண்ணால் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று அவரே சொன்னார்.

அடுத்து, இறங்கும்போது விமானம் குப்புறக் கவிழ்ந்தால்? டிப்-அப்புக்கு மேலே தூக்க இடமே இருக்காது. ஸ்லைடருக்குத் தண்டவாளம் வளையாமல் இருந்தால் ஒரு வாய்ப்பு உண்டு. ஆர்வி ஸ்லைடரில் முன்கண்ணாடியை ஒட்டிய வலுவான வளைவு, பார்வையைக் கொஞ்சம் மறைத்தாலும், அந்த நேரத்தில் தலையைக் காக்கும். எதுவானாலும் ஆம்னி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் தொங்குமே, அந்த மாதிரி ஒரு சுத்தியல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கணும்.

அதனால் என் ஓட்டு ஸ்லைடருக்கு. அதில் வேலை அதிகம், மீட்டர் போர்டுக்குப் பின்னால் கை நுழைப்பது கஷ்டம், தெரியும். அந்தக் கஷ்டம் ஒர்க்‌ஷாப்பில் நிதானமாகப் படுவது. கவிழ்ந்த விமானத்தில் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கும்போது அந்த நிதானம் கிடைக்காது.

நீங்க டிப்-அப் பக்கமே நின்றாலும் சண்டை இல்லை. ஆனால் அடுத்த ரிவ்யூவில் ரெண்டர் படத்துக்குக் கீழே மூன்று வரி சேருங்க: பூட்டியிருக்கிறது என்று பைலட் கண்ணால் எப்படிப் பார்ப்பார்? பறக்கும்போது திறந்தால் என்ன ஆகும்? கவிழ்ந்தால் எந்த வழியாக வெளியே வருவார்? மூன்றுக்கும் விடை இருந்தால், குமிழி எவ்வளவு பளபளத்தாலும் நானே வந்து கைதட்டறேன்.