ஸ்பிரிங் விளையாட்டுச் சாமான் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என் பாடத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளாக எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "பையன் கெட்டிக்காரன், காரையே கழற்றி மாட்டுகிறான்" என்று பாராட்டு மேல் பாராட்டாக விழுந்ததைப் பார்த்த பிறகு எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். என் தங்கை மகள் வயிற்றுப் பேரன், என்னை "டீச்சர் அம்மாச்சி" என்று கூப்பிடுகிறவன், அவன் அப்பாவின் ஸ்விஃப்ட் காரைத் தரையோடு தரையாக இறக்க ஆசைப்பட்டான். 40 மில்லிமீட்டர் இறக்குகிற குட்டை ஸ்பிரிங் நான்கை ஆன்லைனில் வரவழைத்தான். பொங்கலுக்கு நான் கொடுத்த பணமும் அதில் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஆகவே இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நான் போனபோது கார் வீட்டு முன்வாசலில் நின்றது. ஜாக்கி போட்டுத் தூக்கி, முன்பக்கம் இரண்டு ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுத்திருந்தான். கழற்றிய ஸ்ட்ரட் தரையில் கிடந்தது. நண்பனிடம் இரவல் வாங்கிய ஸ்பிரிங் கம்ப்ரஸர் கொக்கிகள் இரண்டைச் சுருளில் மாட்டி முறுக்கியிருந்தான். போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை.

உள்ளேயிருந்து அவள் அம்மா, "பாப்பா, டீச்சரம்மாச்சிக்குக் காபி எடுத்துட்டுப் போ" என்று கூப்பிட்டாள். பிள்ளை எழுந்து போனது. இவன் மேல் நட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினான். ஒரு கொக்கி வழுக்கியது. வெடிச் சத்தம் மாதிரி ஒரு சத்தம். ஸ்பிரிங் பறந்து போய் மீட்டர் பெட்டிக்குக் கீழே சுவரில் அடித்து, கையகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அது போன வழி, அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த இடம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் இது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை.

இனி பாடத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பில் உங்களுக்குச் சுருள்வில் தராசு சொல்லிக்கொடுத்தேன், நினைவிருக்கிறதா? ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட விதி. எவ்வளவு விசையோ அவ்வளவு நீட்சி. கார் ஸ்பிரிங்கும் அதேதான், இழுப்பதற்குப் பதில் அமுக்குகிறோம். ஒரு சென்டிமீட்டர் அமுக்க 25 கிலோ எடை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய காருக்கு அந்த அளவில்தான் இருக்கும். பத்து சென்டிமீட்டர் அமுக்கினால் 250 கிலோ. பூஜ்யத்திலிருந்து 250 வரை ஏறுவதால் சராசரி 125 கிலோ. அதைப் பத்து சென்டிமீட்டரால் பெருக்குங்கள். ஐந்து கிலோ சம்மட்டி ஒன்று எட்டடி உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆற்றலோ, அது அந்தச் சுருளுக்குள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தலைக்கு மேல் சம்மட்டி தொங்கினால் யாரும் அடியில் உட்கார மாட்டோம். ஸ்பிரிங் அசையாமல் கிடப்பதால் நமக்குப் பயம் வருவதில்லை.

இந்தப் பையன் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். விதியைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வான். கையில் இருக்கிற ஸ்பிரிங்கில் அந்த விதி இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. இதற்கு அவனை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் பள்ளியில் சுருள்வில் தராசு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து நானும் கரும்பலகையில் படம் போட்டே பல வருடம் ஓட்டினேன். இரண்டு மதிப்பெண் கேள்வியாக நாங்கள் கற்றுக்கொடுத்தோம், அவர்களும் அப்படியே கற்றுக்கொண்டார்கள்.

"காரை இறக்கினா வளைவுல நல்லா நிக்கும் டீச்சர் அம்மாச்சி" என்றான். பொய்யில்லை. ஈர்ப்பு மையம் கீழே வந்தால் வண்டி சாய்வது குறையும். ஆனால் அது பாதிக் கணக்கு. மீதிப் பாதியை அந்த வீடியோ சொல்லவில்லை. ஸ்பிரிங் குட்டையானால் சக்கரம் மேலே போய் வர இருக்கும் இடம் குறைகிறது. பழைய சாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கென்று அளவெடுத்துச் செய்தது. புது ஸ்பிரிங்கின் விறைப்பை அதனால் அடக்க முடியாமல் வண்டி குதிக்கும், பள்ளத்தில் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். லோயர் ஆர்ம் நிற்கும் கோணம் மாறும், சக்கரத்தின் சாய்வு மாறும். வீல் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயர் உள்பக்கமாகத் தேயும். வெளியே இருந்து பார்த்தால் அது கண்ணில் படாது. இத்தனையையும் அளந்து சரிசெய்ய வேண்டிய வேலையை "ரெண்டே மணி நேரம், ரெண்டு ஸ்பேனர்" என்று சொல்லித்தருகிறவர்களுக்கு என்ன பெயர் வைப்பது?

அடுத்து நம் ரோடு. 2018-ல் வந்த ஸ்விஃப்ட்டுக்குத் தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடைவெளி 163 மில்லிமீட்டர். அதில் 40 போனால் 123. இது ஆளில்லாத கணக்கு. ஐந்து பேர் ஏறி, குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கப்பானை, அரிசி மூட்டையோடு போனால் இன்னும் இறங்கும். வேகத்தடைக்கு இந்திய ரோடு காங்கிரஸ் சொல்லும் உயரம் 100 மில்லிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அந்த அளவில் சரிவாகப் போட்ட வேகத்தடை எத்தனையைத் தேனி மாவட்டத்தில் பார்த்திருக்கிறீர்கள்? நம் ஊரில் டீக்கடைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, கவுன்சிலர் வீட்டுக்கு ஒன்று என்று ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய மேடுகள்தான். அந்தக் கார் அவன் ஒருவனுடையது இல்லை. முதுகுத்தண்டு வலியோடு பின்சீட்டில் உட்கார்கிற அவன் அம்மாவுடையதும்தான். அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இப்படி ஒரு காரணத்தைத்தான்.

"டீச்சர், பிள்ளைகள் கையால் வேலை செய்வதைத் தடுக்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. ஸ்பேனரைத் தொடாத பிள்ளைகளைப் பார்த்து வருத்தப்படுகிறவள் நான். ஆயில் மாற்றட்டும், டயர் மாற்றட்டும், பேட்டரி கழற்றி மாட்டட்டும். கை அழுக்காகாமல் படிப்பு முழுமையாகாது. ஆனால் எந்த வேலையைத் தனியாகச் செய்யலாம், எதற்குத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதும் தொழிலறிவுதான்.

மறுநாள் என் பழைய மாணவர் ஒருவரின் ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்ட்ரட்டையும் பையனையும் அனுப்பினேன். அவர் திட்டவில்லை. கொக்கிகளை நேர் எதிரெதிரே மாட்டுவது, இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவது, சுருளின் வாய்க்கு நேரே முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நிற்பது, எல்லாவற்றையும் காட்டினார். சிமென்ட் கல் எச்சரிக்காமல் உடையும், ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும் என்றும் சொன்னார். பழைய ஸ்பிரிங்கையே மாட்டினார்கள். அரை நாள் பக்கத்தில் நின்ற பையன், "வீடியோவில் இதெல்லாம் வரவே இல்லை" என்றான். அந்த அரை நாளில் அவன் கற்றது நிறைய.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

இளைஞர்களே, அமுக்கி வைத்த எதையும் வீட்டு வாசலில் அவிழ்க்காதீர்கள். பக்கத்தில் குழந்தையை உட்கார வைக்கவே வைக்காதீர்கள்.

பெற்றோர்களே, உறவுகளே, "கெட்டிக்காரன்" என்று கைதட்டும் முன் காருக்கு அடியில் என்ன முட்டுக் கொடுத்திருக்கிறான் என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மாணவர்களே, ஆர்வத்தோடு வரும் பையன்களை "ஓரமா நில்லுப்பா" என்று விரட்டாதீர்கள். நீங்கள் விரட்டினால் அவன் போனைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வான்.

அந்த நான்கு குட்டை ஸ்பிரிங்கும் இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அந்தச் சுவரில் பெயர்ந்த பூச்சை மட்டும் பூச வேண்டாம் என்று தங்கை மகளிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நாள் இருக்கட்டும்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே தாராளமாக எழுதலாம். "உங்களுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் டீச்சர்" என்று மட்டும் கேட்காதீர்கள். கார் ஓட்டத் தெரியாது. ஸ்பிரிங் தெரியும்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் டீச்சர்