ஹர்த்தாலும் கடையடைப்பும்

பாறசாலை, காரோடு, நெய்யாற்றின்கரை வட்டாரத்துத் தமிழ் உழைப்பாளிக்கு 'ஹர்த்தால்' என்னும் சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை. பேருந்து ஓடாது, கடை திறவாது, கொத்தனாருக்கும் கையாளுக்கும் அன்றைய கூலி இல்லை, தமிழகப் பேருந்துகள் களியக்காவிளையோடு நின்றுவிடும்.

மொழித்தூய்மை பேணும் அன்பர்கள் இதனை ஏற்பதில்லை. ஹர்த்தால் குஜராத்திச் சொல். கடைக்குப் பூட்டிடுவதே அதன் பொருள். ஆகவே தமிழ்ச் சுவரொட்டிகளில் 'கடையடைப்பு' என்றே எழுதவேண்டும் என்பது அவர்கள் வாதம்.

வேர்ப்பொருளைப் பொறுத்தவரை அவர்கள் கூறுவது சரியே. ஆனால் 1919 ஏப்ரல் 6 அன்று ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் காந்தி ஹர்த்தாலுக்கு அழைத்தபோதே வேலை நிறுத்தலும் உண்ணாநோன்பும் அச்சொல்லுக்குள் வந்துவிட்டன. இந்தியில் அது ஆலைத் தொழிலாளியின் வேலைநிறுத்தம். இலங்கையில், அரிசி மானிய வெட்டை எதிர்த்து இடதுசாரிகள் 1953 ஆகஸ்ட் 12 அன்று நடத்திய ஹர்த்தாலின்போது அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடிற்று. கடைப்பூட்டுக்கு அஞ்சியா கப்பலேறினார்கள்?

கேரளத்தில் இப்பொருள் மாற்றத்துக்கு நீதிமன்றமே வழிதிறந்தது. பந்த் சட்டவிரோதம் என்று 1997 ஜூலையில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மேல்முறையீட்டை நவம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளிற்று. தீர்ப்பு ஹர்த்தாலை வேறாகக் கருதித் தடைசெய்யாது விட்டது. பந்தின் பொருள் முழுவதும் அப்பெயருக்குக் குடிபெயர்ந்தது. 2019 ஜனவரியில் ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டுமென அதே உயர்நீதிமன்றம் ஆணையிட்டது, வெறும் கடையடைப்பை எண்ணியன்று.

வேரே பொருளென்றால் 'சமரசம்' என்ற சொல்லை என்ன செய்வது? வள்ளலாருக்கு அது உயிர்கள் அனைத்தையும் ஒன்றெனக் காணும் நெறி. கட்சி ஆவணங்களில் 'வர்க்க சமரசம்' கடுமையான குற்றச்சாட்டு. இதற்குத் தூய்மைவாதிகள் மறுப்பெழுதக் காணோம்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் கூலிவேலை அந்தக் கோட்டை நாள்தோறும் தாண்டுகிறது. 'கடையடைப்பு' என்ற சுவரொட்டியைப் படித்தவர், கடைதானே என்று விடியுமுன் திருவனந்தபுரத்துக் கட்டட வேலைக்குப் புறப்பட்டு வழியில் சிக்குவார். மலையாளச் சுவரொட்டியைப் படித்த அண்டைவீட்டார் வீட்டில் இருப்பார். யாருக்காகப் போராட்டமோ அவரையே இப்படி அலைக்கழிக்க எந்த இலக்கணத்துக்கும் உரிமையில்லை.

ஆகவே காரோட்டுச் சுவரொட்டியில் 'ஹர்த்தால்' இருக்கட்டும். நாகர்கோவிலில் 'முழு அடைப்பு' போதும். வணிகர்கள் தங்கள் கடைகளை மட்டும் மூடும் நாளுக்குக் 'கடையடைப்பு' என்ற நல்ல தமிழ்ச்சொல்லை விட்டுவைக்கலாம்.