மறைந்த தந்தையரை நாம் எப்படி நினைவுகூர்கிறோம்?

நம் மஹல்லாவில் ஒரு பெரியவர் வஃபாத்தாகிவிட்டால், ஜனாஸா தொழுகைக்கு முன்பும் மையவாடியிலிருந்து திரும்பும் வழியிலும் நாம் சொல்லும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகையாளி, யார் வம்புக்கும் போகாதவர். அவை உண்மையாகவே இருக்கலாம். மறைந்தவரைப் பற்றி நல்லதைச் சொல்வது மார்க்கம் கற்றுத்தந்த பண்பும்கூட. ஆனால் சென்ற மாதம் மறைந்த இன்னொருவருக்கும் அதே சொற்கள் அப்படியே பொருந்துமென்றால், நாம் நினைவுகூர்ந்தது யாரை?

பருத்திப்பட்டில் நம்மிடம் ஓதவரும் பிள்ளைகளிடம் அவர்களின் பாட்டனார்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தார் என்பார்கள். ஹஜ்ஜுக்குப் போய்வந்தார் என்பார்கள். அதற்கு மேல் பேச்சு ஓடுவதில்லை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் தொடங்கப்பட்டது. அதையும் அதைச் சுற்றி வளர்ந்த தொழில்களையும் நம்பி இந்தப் பக்கம் குடியேறி, ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பி, மனை வாங்கி, கூரை போட்டு, பிள்ளைகளைக் கரையேற்றிய தலைமுறை இப்போது ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. பேரர்களிடம் எஞ்சியிருப்பது ஒரு புகைப்படம். ஒரு நாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்துவிட்டு அதுவும் மறைந்துவிடுகிறது.

இது நமக்குப் பொருந்தாத வறுமை. யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று ஒவ்வொரு செய்திக்கும் அறிவிப்பாளர் வரிசையைப் பேணிவந்த உம்மத் அல்லவா நாம்? நபி (ஸல்) அவர்களை ஒரு தந்தையாகவும் பாட்டனாராகவும் நாம் அறிவது எதனால்? ஃபாத்திமா (ரலி) வந்தால் அவர்கள் எழுந்து சென்று வரவேற்று, முத்தமிட்டு, தம் இடத்தில் அமரவைத்ததை ஆயிஷா (ரலி) கவனித்துச் சொன்னார்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுததையும், ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கிவிட்டு எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டதையும் அபூ கதாதா (ரலி) அறிவித்தார்கள். பேரர் முதுகில் ஏறிக்கொண்டார் என்பதற்காக ஒரு ஸஜ்தா நீண்டதும் பதிவாகியிருக்கிறது. இறக்கிவிட்டது, தூக்கியது, காத்திருந்தது என்று எல்லாமே சின்னச் சின்னச் செயல்கள். பார்த்தவர்கள் அவற்றை விட்டுவிடவில்லை.

நம் காலத்தில், நம் மண்ணில் இப்படி நினைவுகூரப்பட்ட ஒரு தந்தை உண்டு. இராமேசுவரம் மசூதித் தெருவில் வாழ்ந்த ஜைனுலாப்தீன் அவர்கள். மகன் அப்துல் கலாமின் பெயரை ஊரறியும்; பள்ளி விழாக்களில் நம் பிள்ளைகள் அவரைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுவார்கள். தந்தையைப் பற்றிக் கேட்டால் படகுக்காரர் என்பதோடு நிற்கும். கலாமோ குடியரசுத் தலைவராகும் முன்பே, 1999-இல் வெளியான ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் தந்தையிடமிருந்துதான் தம் கதையைத் தொடங்கினார். 2013-இல் வந்த இன்னொரு நூலின் முதல் அத்தியாயமே தந்தையின் காலை நடையைப் பற்றியது.

அதில் பெருமைக்குரிய பட்டம் எதுவும் இல்லை. விடியுமுன் எழுந்து தொழுவார். பிறகு வீட்டிலிருந்து நான்கு மைல் தொலைவிலிருந்த சிறு தென்னந்தோப்புக்கு நடந்துபோவார். ஒரு டஜன் தேங்காய்களைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவார். அதற்குப் பிறகே காலை உணவு. அறுபதுகளின் பிற்பகுதியிலும் இந்த வழக்கம் நிற்கவில்லை. பள்ளிவாசலைவிட்டு வெளியே வரும்போது எல்லா மதத்தவரும் கிண்ணங்களில் தண்ணீருடன் காத்திருப்பார்கள். அவர் விரல் நனைத்து துஆ செய்து கொடுப்பார். நலமடைந்தவர்கள் நன்றி சொல்ல வந்தால், அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்கள் என்பார். இராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் அவருடைய நெருங்கிய நண்பர். யாத்ரீகர்களுக்காக அவர் கட்டிய மரப்படகைப் புயல் கொண்டுபோனதும் அந்த நினைவுகளில் இருக்கிறது.

ஓர் அடியும் இருக்கிறது. ஜைனுலாப்தீன் ஊராட்சித் தலைவரானபோது, அவர் இல்லாத நேரத்தில் யாரோ வேட்டியும் பழங்களும் இனிப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். சிறுவன் கலாம் அவற்றை வாங்கி வைத்திருந்தார். திரும்பிவந்த தந்தை கோபம் மீறி மகனை அடித்தார். பிறகு தோளைத் தொட்டு, பதவியிலிருப்பவர் அன்பளிப்பு வாங்குவது ஏன் தகாது என்று விளக்கினார். இதைக் கலாம் மறைக்கவில்லை, மேடைகளில் சொன்னார். அடியை நீக்கிவிட்டால் அந்தத் தந்தை நமக்குப் பாதிதான் கிடைத்திருப்பார். 1976-இல் 102 வயதில் மறைந்தபோது அவருக்குப் பதினைந்து பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

நினைவுகூர்தல் வாயளவில் நின்றுவிட்டால் என்ன ஆகிறது என்பதையும் நாம் பார்க்கிறோம். தந்தைக்காகக் கத்தம் ஓதி, ஊருக்கெல்லாம் பிரியாணி கொடுத்து, அவரைப் போல் யாரும் இல்லை என்று கண்கலங்கிய மகன், அடுத்த வாரமே சகோதரியின் முன் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார். அந்தக் காலத்தில் சொற்பத் தொகைக்கு வாங்கிய மனை, ஆவடி நகரம் வளர்ந்ததில் இன்று இலட்சங்களுக்குப் போகிறது. உன் கல்யாணத்துக்குச் செய்ததெல்லாம் போதாதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்கப்படுகிறது. அவளும் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்று அஞ்சிக் கையெழுத்திடுகிறாள். இதை விருப்பத்துடன் விட்டுக்கொடுத்தல் என்று நாம் ஏற்க மாட்டோம். அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் மகளின் பங்கையும் வகுத்தே வைத்திருக்கிறான். வஸிய்யத்தும் கடனும் தீர்ந்த பின் அது அவளுக்குரியது. நபியவர்கள் தோளில் சுமந்த உமாமா யார்? மகள் ஸைனபின் மகள். ஹஸனும் ஹுஸைனும் மகளின் பிள்ளைகள். தந்தை மடியில் வைத்துக் கொஞ்சிய பேரப்பிள்ளைகளின் தாயைப் பத்திரத்திலிருந்து நீக்கிவிட்டு, அவர் பெயரால் எவ்வளவு ஓதினாலும் அவளுடைய பங்கு தீர்ந்ததாகாது.

இன்னொரு கடமையும் நம்மிடையே அருகிவருகிறது. உமர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் (ரலி) மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமவாசியைக் கண்டார்கள். தாம் இளைப்பாறுவதற்காக வைத்திருந்த கழுதையையும் தலைப்பாகையையும் அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இவர்களுக்குச் சிறிது கொடுத்தாலே போதுமே என்று உடனிருந்தோர் வியந்தபோது, இவருடைய தந்தை என் தந்தைக்கு நேசராக இருந்தவர் என்றார்கள். தந்தையின் நேசர்களோடு உறவைப் பேணுவதை நபியவர்கள் மிகச் சிறந்த நன்மையாகச் சொன்னதையும் எடுத்துக்காட்டினார்கள்.

அஸருக்குப் பிறகு பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பூங்காவின் நடைபாதைப் பக்கம் போய்ப் பாருங்கள். உங்கள் அத்தாவோடு ஷிப்டு பார்த்தவர், மனை வாங்கும்போது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், பெருநாள் தொழுகைக்குப் பக்கத்து ஸஃப்பில் நின்றவர் என்று யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். ஸலாம் சொல்லி இன்னாருடைய மகன் என்று சொல்லுங்கள். பேரப்பிள்ளையையும் அருகில் உட்காரவையுங்கள். அவர் அத்தாவைப் பேர் சொல்லி, அவன் என்று ஒருமையில்தான் பேசத் தொடங்குவார். இடைமறிக்காமல் கேளுங்கள்.