ஏழரைப் புள்ளி

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் நம் வயதுக்காரர்கள் பலருக்கு அந்த ஊர் ஃபுட்பால் டிவியில் ஓரளவு பழகியிருக்கும். கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு எதற்கு அந்தப் பெயர் என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்றைய சண்டை அதன்மேல் கட்டும் பந்தயத்தோடு. "இது சூதாட்டம் இல்லை சார், ஸ்ப்ரெட் போட்டு ரெண்டு பக்கத்தையும் சமமாக்கிடறாங்க. விஷயம் தெரிஞ்சவன் ஜெயிப்பான்" என்று படித்த பையன்களே பேசுகிறார்கள். சுத்த அபத்தம்.

ஸ்ப்ரெட் என்பது புள்ளி வித்தியாசம். பலமான அணிக்கு மைனஸ் 7.5 என்று போட்டிருந்தால், அது 8 புள்ளி வித்தியாசத்திலாவது ஜெயித்தால்தான் அதன்மேல் கட்டியவருக்குப் பணம். 7 புள்ளியில் ஜெயித்தால் மைதானத்தில் வெற்றி, பந்தயத்தில் தோல்வி. எதிரணிமேல் கட்டியவரோ தன் அணி தோற்ற பிறகும் சிரித்துக்கொண்டே பணம் வாங்குவார். ஆட்டத்தில் அரைப் புள்ளி என்று ஒன்று கிடையவே கிடையாது. கணக்கு சரிசமமாக முடிந்து பணத்தைத் திருப்பித் தர நேரக்கூடாது என்பதற்காக ஒட்டவைத்த வால் அது. (ஏழரை என்றதும் உங்களுக்குச் சனி ஞாபகம் வந்தால் தப்பில்லை.)

கிண்டி ரேஸ் பார்த்தவர்களுக்கு ஹேண்டிகேப் தெரியும். நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை. அதைக் குதிரை நிஜமாகவே சுமந்துகொண்டு ஓடும். இங்கே ஆட்டக்காரர் யாரும் எதையும் சுமப்பதில்லை. சுமை முழுக்கப் பணம் கட்டியவன் தலையில்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படும் சிகாகோவின் சார்லஸ் மெக்நீல் ஒரு காலத்தில் கணக்கு வாத்தியார். நாமும் கணக்கே போடுவோம். வழக்கமான விலை மைனஸ் 110. அதாவது 110 டாலர் கட்டினால், ஜெயிக்கும்போது லாபம் 100. தோற்றால் 110-ம் போச்சு. 100 பந்தயத்தில் 50 ஜெயித்தால் வரவு 5,000, செலவு 5,500. சரி, கெட்டிக்காரன், 52 ஜெயிக்கிறான். வரவு 5,200, செலவு 5,280. பாதிக்கு மேல் சரியாகச் சொல்லியும் கைநஷ்டம் 80 டாலர்! 53 ஜெயித்தால்தான் தலை நீருக்கு மேலே வரும். இதற்குப் பெயர் சமமா?

விஷய ஞானம் உதவாதா என்பார்கள். யாருக்குக் காயம், மழை வருமா, சொந்த ஊர் மைதானமா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஒரு பக்கம் பணம் குவிந்தால் எண்ணையும் நகர்த்திவிடுவார்கள். அப்படியும் புக்கிகள் அடிபட்டது உண்டு. 1979 ஜனவரி சூப்பர் பவுலில் பிட்ஸ்பர்க் அணிக்கு 3.5 என்று தொடங்கிய வித்தியாசத்தை 4.5 வரை ஏற்றினார்கள். ஆட்டம் 35-31. வித்தியாசம் 4! முதலில் பிட்ஸ்பர்க் மேல் கட்டியவருக்கும் பணம், பிறகு டல்லாஸ் மேல் கட்டியவருக்கும் பணம். இத்தனை வருஷம் கழித்தும் இந்தக் கதையைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள் என்றால், அது எவ்வளவு அபூர்வம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். 1951-ல் நியூயார்க்கில் வெளிப்பட்ட கல்லூரிக் கூடைப்பந்து ஊழலில், ஆட்டத்தையே தோற்றுக்கொடு என்று கேட்டால் மறுத்திருக்கக்கூடிய பையன்களிடம், "ஜெயித்துக்கொள், வித்தியாசத்தை மட்டும் குறை" என்று பேரம் பேசினார்கள். காசு வாங்கியவர்களில் அதற்கு முந்தைய வருஷம் இரண்டு தேசியப் பட்டங்களை வென்ற சிட்டி காலேஜ் அணியினரும் உண்டு. ஜெயித்துக்கொண்டே துரோகம் செய்ய வழிவிட்டது இந்த ஸ்ப்ரெட்.

2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடையை நீக்கும்வரை ஒற்றை ஆட்டத்தின்மேல் சட்டப்படி பணம் கட்ட நெவாடாவுக்குப் போகவேண்டியிருந்தது. இப்போது பல மாநிலங்களில் கைபேசி போதும். அதில் மைனஸ் 110 என்றுதான் எழுதியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில், '100-க்கு 53 ஜெயிக்காவிட்டால் உனக்கு நஷ்டம்' என்று தமிழிலோ இங்கிலீஷிலோ ஒரு வரி சேர்த்து எழுதட்டும். எழுதுவார்களா?